மூன்று கையெழுத்துப் போட்டால் போல்ட் சரியாகிவிடுமா?

கல்வா பயணி — ஜூலை 3, மாலை 6.40

நேரடியாகக் கேட்கிறேன். விமானப் பராமரிப்பில் ஏதாவது தவறு நடந்தால் உடனே ‘மனிதக் காரணிகள்’ (களைப்பு, அவசரம், மங்கிய வெளிச்சம் என்று மனிதரைத் தவறவைப்பவை) என்று ஒரு பெரிய சொல்லைப் போட்டு மூடிவிடுகிறார்கள். என் பார்வையில் அது அலட்சியம், அவ்வளவுதான். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பேர் கையெழுத்துப் போடட்டும். தவறு நடந்தால் மூவரின் லைசென்ஸையும் பறிக்கட்டும். ஒரே ஆண்டில் எல்லாம் ஒழுங்குக்கு வரும். நான் வங்கியில் இருக்கிறேன். எங்களிடம் ஒரு பெரிய காசோலைக்கே இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சாந்தாகுரூஸ் பக்கம் ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வேலை பார்த்த தமிழர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள், பார்ப்போம்.

ஸ்பேனர்சாமி, செம்பூர் — ஜூலை 3, இரவு 10.15

மறுக்கிறேன்.

1990 ஜூன் 10. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மாலகாவுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பிஏசி 1-11 ரக விமானம். 17,300 அடியில் கேப்டன் பக்கத்து முன்கண்ணாடி மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடல் வெளியே. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் கொண்டுவந்து இறக்கினார்.

அந்தக் கண்ணாடியை மாட்டியவர் சோம்பேறி அல்ல, குடிகாரரும் அல்ல. இரவு ஷிப்டின் மேலாளர். ஆள் பற்றாக்குறையால் தானே ஏறி வேலை பார்த்தார். கழற்றிய போல்ட்டுகளில் சில கெட்டுப்போயிருந்ததால் எல்லாவற்றையும் புதிதாகப் போட முடிவு செய்தார். அலட்சியக்காரன் இருப்பதையே முடுக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவர் ஸ்டோர்ஸுக்குப் போனார். அங்கிருந்தவர் சரியான போல்ட்டின் எண்ணைச் சொல்லியும் கொடுத்தார். ஆனால் கையில் இருந்த பழைய போல்ட்டின் எண் வேறு. பழையதே தவறான ரகம், கொஞ்சம் குட்டை, இருந்தும் அதுவரை தாங்கியே வந்திருந்தது. அவர் கையில் இருந்த மாதிரியை நம்பினார். ஆளில்லாத இன்னொரு ஸ்டோர்ஸில், மங்கிய வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடி அணியாமல், பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்து அள்ளி வந்தார். 90 போல்ட்டில் 84 விட்டத்தில் சிறியவை. மீதி 6 நீளத்தில் குட்டை. விட்டத்தில் வித்தியாசம் 0.026 அங்குலம், முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை.

இந்த மனிதரின் லைசென்ஸைப் பறிக்கலாம். அடுத்த இரவு ஆள் பற்றாக்குறையும் அந்த மங்கிய வெளிச்சமும் அங்கேயே இருக்கும், வேறொருவர் வந்து ஏறுவார்.

ஸ்பேனர்சாமி — ஜூலை 4, காலை 7.05

‘உங்கள் கதையே என் கட்சிக்குச் சாட்சி. அங்கே இரண்டாவது கையெழுத்து இல்லையே’ என்று கேட்டிருக்கிறார் கல்வா பயணி. வங்கிக்காரர் கணக்கில் விட்டுக்கொடுக்க மாட்டார். உண்மைதான், அந்த வேலைக்கு இரண்டாமவர் ஆய்வு கட்டாயமாக இருக்கவில்லை.

இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சின்ன போல்ட்டின் தலை அதற்கான குழியில் அளவுக்கு மீறி அமுங்கி உட்கார்ந்திருந்தது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது போதும். ஆனால் வேலை பார்த்தவர் நின்ற மேடை எட்டவில்லை, கையை நீட்டி உடலை முறுக்கித்தான் முடுக்கினார், தலை அமுங்கியது அவர் பார்வையில் படவில்லை. இரண்டாமவர் அதே மேடையில், அதே விடியற்காலையில் ஏறியிருந்தால் அவர் கண்ணிலும் பட்டிருக்காது. மேடையை இரண்டடி நகர்த்திப் போட்டிருந்தால் முதலாமவர் கண்ணிலேயே பட்டிருக்கும்.

இன்னொன்று. காசோலையில் இரண்டாமவர் பார்ப்பது முதலாமவர் பார்த்த அதே காகிதம். ஹேங்கரில் அப்படி இல்லை. பேனலை மூடிய பிறகு வருபவர் பார்ப்பது பேனலின் வெளிப்புறம். உள்ளே என்ன நடந்தது என்பதற்கு அவரிடம் இருக்கும் ஒரே ஆதாரம் முதலாமவரின் கையெழுத்து. அதைப் பார்த்துத் தானும் போடுகிறார்.

ஸ்பேனர்சாமி — ஜூலை 4, காலை 7.20

கிட்டத்தட்ட மொய் எழுதுகிற மாதிரிதான். முன்னால் எழுதியவர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு நாமும் அதையே எழுதிவிட்டுப் பந்திக்குப் போவது.

ஸ்பேனர்சாமி — ஜூலை 6, பிற்பகல் 3.30

‘அந்தக் கேப்டன் இறந்துவிட்டார்தானே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. எலும்பு முறிவுகளோடும் பனிக்கடியோடும் பிழைத்து மறுபடி விமானம் ஓட்டினார். அந்த விமானத்தில் ஒருவரும் இறக்கவில்லை. அதனால்தான் இதை முதலில் எடுத்தேன். சாவு எண்ணிக்கை பெரிதாக இருந்தால் பேச்சு உடனே ‘யாரைத் தூக்கில் போடுவது’ என்று திரும்பிவிடும், போல்ட்டைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஸ்பேனர்சாமி — ஜூலை 7, இரவு 11.50

கையெழுத்து இருந்தும் கவிழ்ந்த கதை கேட்டீர்கள். ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855, 1983 மே 5, மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசாவுக்கு. மூன்று இன்ஜின் கொண்ட எல்-1011. ஆட்கள் 172 பேர்.

எண்ணெயில் உலோகத் துகள் வருகிறதா என்று காட்டும் சிறு கருவி ஒன்று ஒவ்வொரு இன்ஜினிலும் இருக்கும். அதைக் குறித்த இடைவெளியில் கழற்றி வேறொன்று மாட்ட வேண்டும். மாட்டும்போது புதிய ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் கசியும். வேலை கார்டில் அந்த வரி தெளிவாகவே இருந்தது. ஆனால் அந்தக் கருவிகள் எப்போதும் ஃபோர்மேன் அறையிலிருந்து ஓ-ரிங் மாட்டியபடியே வரும். மெக்கானிக்குகள் எடுத்துப் போய்த் திருகினால் போதும், அதுவே பழக்கம். அன்று ஃபோர்மேன் அறையில் கருவி இல்லை. ஸ்டோர்ஸிலிருந்து வாங்கினார்கள். அதில் ஓ-ரிங் இல்லை. மூன்று இன்ஜினிலும் ஓ-ரிங் இல்லாமலே மாட்டி, கார்டில் கையெழுத்தும் ஆயிற்று.

நடு இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தது. அதை அணைத்துவிட்டு மயாமிக்குத் திரும்பினார்கள். வழியில் மற்ற இரண்டும் நின்றன. கடலில் இறங்கத் தயாராகுங்கள் என்று பயணிகளுக்குச் சொல்லியாயிற்று. முதலில் அணைத்த இன்ஜினில் கொஞ்சம் எண்ணெய் மிச்சம் இருந்தது. அதை மறுபடி கிளப்பி, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு இறங்கினார்கள். யாருக்கும் காயமில்லை.

இதில் பொய்க் கையெழுத்துப் போட்டது யார்? அவர்களைக் கேட்டால் ‘எப்போதும் அதில் இருக்குமே’ என்பார்கள். அவர்கள் கார்டைப் படிக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் படிக்கவில்லை, படிக்கத் தேவையே இல்லாதபடி ஃபோர்மேன் அறை பார்த்துக்கொண்டது. நல்லெண்ணத்தில் செய்த உதவி, கார்டில் இருந்த ஒரு வரியை மெல்லக் கொன்றுவிட்டது. அதே நிறுவனத்தில் முன்பும் இப்படிக் கசிவுகள் நடந்திருந்தன. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்கைக் கண்டித்தார்கள். ஸ்டோர்ஸ் எப்படிக் கொடுக்கிறது, ஃபோர்மேன் அறை எப்படிக் கொடுக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இது போன்ற அனுபவங்களால் வந்த ஒரு நல்ல பழக்கம்: ஒரே ஆள் ஒரே இரவில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக்கூடாது. எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் மிகப் புத்திசாலித்தனமான விதி இதுதான். மனிதன் தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, இரண்டு இன்ஜினிலும் ஒரே தவறு நடக்க வேண்டாம் என்று மட்டும் கேட்கிறது.

ஸ்பேனர்சாமி — ஜூலை 9, காலை 4.50

ஓய்வு பெற்றும் இந்த நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது.

டோம்பிவிலி தம்பி தூக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். இரவு இரண்டு முதல் ஆறு வரை உடம்பு தூங்கச் சொல்லும். விமானங்கள் தரையில் கிடப்பதும் அப்போதுதான். ஆகவே நாட்டிலேயே கவனம் அதிகம் தேவைப்படும் வேலைகளில் ஒன்று, கவனம் குறைவாக இருக்கும் நேரத்தில் நடக்கிறது. இதை மாற்ற முடியாது. பகலில் விமானத்தை நிறுத்திவைத்தால் டிக்கெட் விலையை நீங்களே கேட்டுவிட்டு ஓடுவீர்கள்.

மாற்றக்கூடியது வேறு. ஷிப்ட் எட்டு மணி நேரம் என்பார்கள். டோம்பிவிலியில் வாசற்படியைத் தாண்டுவதிலிருந்து கணக்குப் போடுங்கள். சென்ட்ரல் லைனில் தாதர், அங்கே பாலம் ஏறி வெஸ்டர்ன் லைன், சாந்தாகுரூஸ், அங்கிருந்து ஆட்டோ. பகலில் கீழ்வீட்டுக் குழந்தை அழுகைக்கும் காய்கறிக்காரர் குரலுக்கும் நடுவே கிடைத்த தூக்கத்தோடு கிளம்புகிறார். பன்ச் அடிக்கும்போதே அவர் பாதி நாளைக் கழித்துவிட்டார். 1997இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவு 0.03. குடித்துவிட்டு வந்தவரைப் பிடிக்கக் கருவி இருக்கிறது. தூங்காமல் வந்தவர் ஊதினால் அது எதையும் காட்டாது.

மழைக்காலம் இன்னும் மோசம். குர்லாவுக்கும் சயனுக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் காலை ஷிப்ட் வந்து சேராது. இரவு ஷிப்ட் வீட்டுக்கும் போக முடியாது. ‘நீங்கள் இருக்கிறீர்களே, அப்படியே பாருங்கள்’ என்பார்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அன்று விமான நிலையமே மூடிவிட்டது, அதனால் அந்த நாள் எனக்குக் கவலையில்லை. ஆபத்து, ரயில் நின்று விமானம் நிற்காத சாதாரண மழை நாட்களில்தான். அப்படி ஒரு காலையில் நான் பொறுப்பில் இருந்தபோது ஃபிளைட் கன்ட்ரோல் (விமானத்தை ஏற்றி, இறக்கி, திருப்பும் பாகங்கள்) வேலை ஒன்றைத் தொட வேண்டாம் என்று நிறுத்தி வைத்தேன். தொலைபேசியில் மூன்று மேலதிகாரிகள் வரிசையாக வந்தார்கள். மூவரும் வீட்டிலிருந்து, நன்றாகத் தூங்கி எழுந்து.

ஸ்பேனர்சாமி — ஜூலை 9, காலை 9.10

மழை என்றதும் டேப் நினைவுக்கு வந்தது. விமானத்தைக் கழுவும்போதும் தண்ணீர் படும் வேலைகளிலும் காற்றழுத்தத் துளைகளை மறைப்பது வழக்கம். 1996 அக்டோபர் 2, ஏரோபெரு 603, லிமாவிலிருந்து இரவில் கிளம்பிய போயிங் 757. கழுவியவர்கள் ஒட்டிய டேப்பை எடுக்கவில்லை. உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் உளறின. கடலில் விழுந்து 70 பேரும் போனார்கள். மெருகேற்றிய உலோக உடம்பில் வெள்ளி நிற டேப். இரவில் டார்ச் அடித்தால் இரண்டும் ஒன்றாக மின்னும். மேற்பார்வையாளரும் பார்க்கவில்லை, சுற்றிவந்த விமானியும் பார்க்கவில்லை. இங்கே கல்வா பயணி கேட்கும் மூன்று ஜோடிக் கண்கள் இருந்தன. ஆரஞ்சு நிற டேப்தான் இருக்கவில்லை.

ஸ்பேனர்சாமி — ஜூலை 14, இரவு 10.30

பன்வேல் வாசகி (அவரும் இதே தொழில், ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவிகள்) ‘ஷிப்ட் மாற்றத்தைப் பற்றிப் பேசாமல் இந்த இழை எப்படி இவ்வளவு தூரம் வந்தது’ என்று கடிந்திருக்கிறார். நியாயம்.

1991 செப்டம்பர் 11, டெக்சாஸ், கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574. எம்ப்ரேயர் 120. வாலின் கிடைமட்டப் பகுதியின் முன்விளிம்பில் பனி படியாமல் தடுக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை. மாலை ஷிப்ட் தொடங்கியது. இடப்பக்கத்து மேல்வரிசையில் 47 திருகுகளைக் கழற்றினார்கள். நேரம் முடிந்தது. இரவு ஷிப்ட் வலப்பக்கத்தை மட்டும் முடித்தது. இடப்பக்கத்தைத் தொட்டதே அவர்களுக்குத் தெரியாது. கீழ்வரிசைத் திருகுகள் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன. காலையில் முதல் பயணம் தாங்கியது. திரும்பும் வழியில் முன்விளிம்பு பிய்ந்தது. 14 பேரும் இறந்தார்கள்.

அந்த 47 திருகுகளைக் கழற்றியவர் தர ஆய்வாளர். அதாவது கல்வா பயணியின் இரண்டாவது கையெழுத்து! கை குறைகிறது என்று பார்த்து உதவிக்கு ஏறினார். நல்ல மனிதர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம் சேதம் செய்கிறார்கள் என்று சொன்னால் கோபிக்காதீர்கள். பார்க்க வேண்டிய கண் வேலை செய்யும் கையாக மாறிய நிமிடமே அந்த வேலையை வெளியிலிருந்து பார்க்க யாரும் இல்லாமல் போயிற்று.

விசாரணை வாரியம் மெக்கானிக்குகளும் ஆய்வாளர்களும் முறையைப் பின்பற்றவில்லை என்று எழுதியது. வாரிய உறுப்பினர் ஜான் லாபர் மட்டும் தனியாக ஒரு மறுப்பு எழுதினார்: முறையைப் பின்பற்ற வைக்கும் பண்பாட்டை நிர்வாகம் உருவாக்கத் தவறியதும் காரணங்களில் ஒன்று என்று. அப்போது தனிக்குரல். இன்று பராமரிப்புப் பயிற்சி வகுப்பு என்று எங்கே நடந்தாலும் அவர் வாதத்தைத்தான் நடத்துகிறார்கள்.

எங்கள் ஹேங்கரில் ஒரு கண்டிப்பான பழைய சார்ஜ்மேன் இருந்தார், தாராவிக்காரர், திருநெல்வேலிப் பேச்சு மாறவே இல்லை. ‘ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் பேனாவை எடு’ என்பார். கழற்றி முடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்தால் நடுவில் யாராவது கூப்பிடுவார்கள். கழற்றப் போகிறேன் என்று முதலிலேயே எழுதிவிட்டால், கூப்பிட்டாலும் அந்த வரி திறந்தே நிற்கும், மூடாமல் விமானத்தை விட முடியாது. கழற்றிய திருகுகளைத் துணிப்பையில் போட்டு அந்தப் பேனலிலேயே கட்டச் சொல்வார். மேசையில் வைத்தால் அது யாருடையது என்று தெரியாமல் போகும், பேனலில் தொங்கினால் கண்ணை உறுத்தும். ஒப்படைக்கும் இருவரும் விமானத்தின் அடியில் நின்று ஒப்படைக்க வேண்டும், டீ அறையில் அல்ல. இவ்வளவுதான் அவருடைய மனிதக் காரணிகள் பாடம்.

ஸ்பேனர்சாமி — ஜூலை 15, காலை 8.00

‘மர்பி விதி’யைப் பற்றி (தவறு நடக்க வழியிருந்தால் அது நடந்தே தீரும் என்பது) யாரோ நகைச்சுவையாக எழுதியிருக்கிறீர்கள். அதுவும் பராமரிப்புக் கதைதான். 1949, பின்னாளில் எட்வர்ட்ஸ் என்று பெயர் பெற்ற அமெரிக்க விமானப்படைத் தளம், ராக்கெட் வண்டிச் சோதனை, உணரிகளைத் தலைகீழாக இணைத்துவிட்டார்கள். மர்பி என்ற பொறியாளர் கோபத்தில் சொன்ன பேச்சு பிறகு விதியாகிவிட்டது. தலைகீழாக மாட்ட முடியாதபடி செய்திருந்தால் உலகத்துக்கு ஒரு பழமொழி குறைந்திருக்கும்.

ஸ்பேனர்சாமி — ஜூலை 19, இரவு 9.45

‘விமானத்தையே மாற்றிப் பார்த்துவிட்டு வந்தார்களாமே, நம்பலாமா?’ நம்பலாம். 2013 மே 24, லண்டன் ஹீத்ரோ, ஏர்பஸ் ஏ319. இரவில் இரண்டு டெக்னீஷியன்கள் இன்ஜின் காவ்லை (இன்ஜினைச் சுற்றியிருக்கும் மூடியை) திறந்து பார்த்தார்கள், எண்ணெய் சேர்க்க வேண்டியிருந்தது. கருவி எடுத்துவரப் போகும்போது காவ்லைத் தாழிடாமல் சும்மா இறக்கிவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தது வேறொரு ஏ319க்கு. அங்கே காவ்ல் தாழிட்டிருந்தது. ‘யாரோ மூடிவிட்டார்கள் போலிருக்கிறது.’ எண்ணெயும் சரியாக இருந்தது. ‘சரி.’ காலையில் முதல் விமானம் 75 பயணிகளோடு ஓடுபாதையை விட்டு எழுந்ததும் இரண்டு இன்ஜின்களின் காவ்ல்களும் பறந்தன. ஓர் இன்ஜினில் தீ. திரும்பி வந்து இறங்கிவிட்டார்கள்.

சிரிக்காதீர்கள். ஒரே நிறத்தில், ஒரே வரிசையில், விடியுமுன் நிற்கும் விமானங்களுக்கு நடுவே நடந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

காவ்ல் தாழ்கள் இன்ஜினின் வயிற்றில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும். பார்க்க வேண்டுமானால் குனிவது போதாது, கிட்டத்தட்டப் படுக்க வேண்டும். மழையில் நனைந்த தரையில் இஸ்திரி போட்ட சட்டையோடு எந்த விமானி படுப்பார்? இதற்கு முன்பும் பல இடங்களில் இப்படிக் காவ்ல்கள் பறந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ‘கவனமாக இருங்கள்’ என்று சுற்றறிக்கை, கூடுதல் கையெழுத்து. மறுபடி பறந்தன. கடைசியில் தாழையே மாற்றினார்கள்: ஒரு சாவி, அதில் தொங்கும் சிவப்புப் பட்டை. தாழ் சரியாகப் பூட்டினால்தான் சாவி வெளியே வரும். பட்டை தொங்கினால் தூரத்திலிருந்தே தெரியும்.

கல்வா பயணி, என் பதில் இதுதான். செலவழிக்க ஒரு ரூபாய் இருந்தால் மூன்றாவது கையெழுத்துக்குச் செலவழிக்காதீர்கள், அந்தச் சாவிக்குச் செலவழியுங்கள்.

ஸ்பேனர்சாமி — ஜூலை 22, காலை 10.20

‘அப்படியானால் யாருமே குற்றவாளி இல்லையா?’

இருக்கிறார்கள். விமானத்துக்குப் போகாமலே டீ அறையில் உட்கார்ந்து கார்டை நிரப்புபவர். குடித்துவிட்டு வருபவர். தனக்குக் கீழே உள்ள பையனைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்குபவர். இவர்களுக்கு என்னிடம் இரக்கம் இல்லை. மற்றவர்களுக்கு ஒரு கேள்வி போதும்: இதே தகுதியுள்ள வேறு மூன்று பேரை இதே இரவில், இதே வெளிச்சத்தில், இதே அவசரத்தில் நிறுத்தினால் அவர்களும் இதையே செய்திருப்பார்களா? ஆம் என்றால் அவரை நீக்குவதால் கிடைப்பது ஒரு காலி நாற்காலி மட்டும்.

தண்டித்தால் என்ன நடக்கும் என்று நானே பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் ஒரு பையன் விடியற்காலையில் கருவிகளை எண்ணும்போது தன் டார்ச் இல்லை என்று தானாகவே வந்து சொன்னான். விமானம் கிளம்ப வேண்டிய நேரம். மூடிய பேனல்களைத் திறந்து தேடினோம், கடைசியில் அது ஏணியின் பக்கத்துப் பையில் இருந்தது. விமானம் தாமதம். மேலாளர் அந்தப் பையனை எல்லோர் முன்னாலும் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு அங்கே ஒரு டார்ச்சும் தொலையவில்லை. கருவிப் பலகை தினமும் முழுமையாக இருந்தது. காரணம் எளிது: பையன்கள் சொந்தக் காசில் அதே மாதிரி டார்ச் வாங்கி லாக்கரில் வைத்துக்கொண்டார்கள்.

மேலாளர் அந்தப் பலகையைக் காட்டி ஆண்டு மதிப்பீட்டில் நல்ல பெயர் வாங்கினார்.

ஸ்பேனர்சாமி — ஜூலை 23, இரவு 8.15

2015 டிசம்பரில் நம் மும்பையில் நடந்ததைப் பற்றிக் கேட்டவருக்கு: ஹைதராபாத் போக வேண்டிய விமானம் பின்னால் தள்ளப்பட்டபோது, அருகில் நின்ற ஊழியரை இயங்கும் இன்ஜின் இழுத்துக்கொண்டது. பிழை என்றால் பயணிக்கு ஆபத்து என்று மட்டும் நினைக்கிறோம், தரையில் நிற்பவன் முதல் வரிசையில் இருக்கிறான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஸ்பேனர்சாமி — ஜூலை 28, இரவு 11.05

பன்வேல் வாசகி என்னை மடக்கிவிட்டார். ‘கையெழுத்தை இவ்வளவு திட்டுகிறீர்களே, ஃபிளைட் கன்ட்ரோலில் இரண்டாமவர் ஆய்வை எடுத்துவிடச் சொல்வீர்களா?’ மாட்டேன். சத்தியமாக மாட்டேன். எலிவேட்டர் (வாலில், மூக்கை ஏற்றி இறக்குவது), அய்லெரான் (இறக்கையில், சாய்ப்பது), ரடர் (வாலில், திருப்புவது) இவற்றின் கேபிளைத் தொட்டால் இரண்டாமவர் வந்து அசைத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஆக, என் பழைய குறிப்புகளில் தொனி கொஞ்சம் அதிகம்.

ஆனால் அதிலும் ஒரு கதை. 2003 ஜனவரி 8, ஏர் மிட்வெஸ்ட் 5481, அமெரிக்காவின் சார்லட், பீச் 1900 ரகம், 21 பேரும் இறந்தார்கள். எலிவேட்டர் கேபிளின் இழுவிசையைச் சரிசெய்தவர் அந்த வேலையை முதன்முறையாகச் செய்யும் பயிற்சியாளர். சொல்லிக்கொடுத்தவரே ஆய்வாளரும். சில படிகள் தேவையில்லை என்று அவரே விட்டுவிடச் சொன்னார், பிறகு அவரே ஆய்வு செய்தார். மூக்கைக் கீழே தள்ளும் அளவுக்கு எலிவேட்டர் அசையவில்லை. அதோடு பின்பாரமும் சேர்ந்தது. காகிதத்தில் இரண்டு பெயர், பார்த்தது ஒரே மூளை.

என் கட்சியைத் திருத்திச் சொல்கிறேன். எல்லா வேலைக்கும் மூன்று வேண்டாம். உயிர் தொங்கும் வேலைக்கு மட்டும் இரண்டு. இரண்டாமவர் அந்த வேலையில் விரல்கூட வைத்திருக்கக்கூடாது. முதலாமவரின் கார்டைப் பார்ப்பதற்கு முன் விமானத்தைப் பார்க்க வேண்டும். வங்கிக்காரரே, இதில் பாதி உங்கள் வெற்றி, எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டேப்லெட்டில் விரல் வைத்தால் கையெழுத்து. பத்து வரிகளையும் ஒரே மூச்சில் தட்டிவிடலாம். காகிதத்தில் பொய் எழுதவாவது கை வலித்தது.

ஸ்பேனர்சாமி — ஆகஸ்ட் 1, மாலை 5.40

பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் இருவருக்கு: டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) தேர்வின் 9ஆம் மாட்யூலுக்கு, அதாவது மனிதக் காரணிகளுக்கு, டூப்பான்ட்டின் பன்னிரண்டை, மனிதரைத் தவறவைக்கும் பன்னிரண்டு காரணங்களை, மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். கனடாவில் 1993இல் அவர் தொகுத்தது: தகவல் குறை, மெத்தனம், கவனச் சிதறல், களைப்பு, அழுத்தம், வாய் திறக்கத் தயக்கம் என்று போகும். தேர்வுக்கு வரும். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதே பட்டியல் சுவரில் சுவரொட்டியாகத் தொங்கும், டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில், யாரும் படிக்க மாட்டார்கள். அதில் ‘வழக்கம்’ என்று ஒன்று இருக்கும், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பது. அதை மட்டும் புத்தகத்தில் படிக்காமல் முதல் நாளிலிருந்து கண்ணால் தேடுங்கள். பழகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

டார்ச் எது வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நெற்றியில் மாட்டும் வகை, இரண்டு கையும் சும்மா இருக்கும். கண்ணாடி மூடி தனியாகக் கழலாததாகப் பாருங்கள், கழன்றால் அது இன்ஜினுக்குள் போகும். வாங்கிய உடனே உங்கள் எண்ணைப் பொறித்துக் கருவிப் பட்டியலில் ஏற்றுங்கள். ஒன்றே ஒன்று வாங்குங்கள், லாக்கருக்கு இன்னொன்று வேண்டாம். நாக்தேவி தெருவில் பேரம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.